பெரிய கடிதம் வருகிறது, வழி விடுங்கள்!

'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டு நாமெல்லாம் டீ குடிக்கப் போய்விடுகிறோம். அந்த டீ ஆறுவதற்குள் பொத்தானுக்குப் பின்னால் ஒரு கடிதம் எத்தனை கை மாறுகிறது, வழியில் யார் யார் மூச்சு வாங்குகிறார்கள், யார் விழுந்து எழுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தக் குதூகலம் இன்னும் இறங்கவில்லை. வாருங்கள், உங்களையும் உள்ளே கூட்டிப்போகிறேன். பார்க்கப்போவது கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைத்தான். ஆனால் அடடா, என்ன ஓட்டம்!

கட்டட வரைபடம் போடும் ஒரு சின்ன அலுவலகம். மூலையில் 4 ஜிபி ரேமோடு ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதற்குள் கடித வேலைக்கென்றே ஐந்து மென்பொருள்கள் குடியிருக்கின்றன. பிரவுசரில் கடிதம் எழுத ரவுண்ட்கியூப். வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ். பிரித்துச் சோதிக்க அமாவிஸ். அதற்கு வைரஸ் பார்த்துச் சொல்ல க்ளாம்ஏவி. பெட்டியில் போட்டுவைத்துக் கேட்கும்போது எடுத்துக்கொடுக்க டவ்காட். ஐந்துமே ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம்.

புகார் இதுதான்: 20 எம்பி வரைபடத்தை இணைத்தால் போக மாட்டேன் என்கிறது.

"உக்காருங்க சார்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின். "ஒரு நம்பரை மாத்தினா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. எத்தனை வாசல் இருக்குன்னு இன்னைக்கு நீங்களே எண்ணுங்க."

முதல் வாசல் நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. கடிதம் இன்னும் கடிதமாகவே ஆகவில்லை, வெறும் கோப்பாகப் பிரவுசரிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். வேறெதுவும் சொல்லிவைக்காவிட்டால் 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது. 413 என்ற எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தாண்டினால் ரவுண்ட்கியூப் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி. அதன் இயல்பான அளவுகள்: ஒரு கோப்பு 2 எம்பி, மொத்தப் படிவம் 8 எம்பி, வருகிற கோரிக்கைகளைக் கவனிக்கும் அதன் வேலையாட்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய ரேம் 128 எம்பி. இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும். கோப்பைவிடப் படிவம் பெரிது, படிவத்தைவிட ரேம் பெரிது. இந்த வரிசை தப்பினால் எண்ணை எவ்வளவு கூட்டினாலும் பலனில்லை. அட்மின் எல்லாவற்றையும் உயர்த்தினார். ரேம் எண்ணை மட்டும் தொடவில்லை. "அது கடைசில" என்றார். அந்தக் 'கடைசி'க்காகத்தான் இந்தக் கட்டுரையே.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கோப்பு கடிதத்துக்குள் ஏறும்போது ஊதுகிறது!

கணினிகளுக்கு இடையே கடிதம் போக வழி சொல்லும் எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். அன்றைக்குக் கடிதம் என்றால் எழுத்து மட்டும்தான். அதுவும் 7 பிட்டுக்குள் அடங்கும் ஆங்கில எழுத்து. படம், பாட்டு, வரைபடம் எதற்கும் அதில் இடமில்லை. பத்து வருஷம் கழித்து நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மைம் என்று அதற்குப் பெயர். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய கடிதத்தோடு ஒரு புகைப்படமும் ஒரு பாட்டும் போயின. புகைப்படத்தில் இருந்தது அவருடைய நால்வர் பாட்டுக் குழு. குழுவின் பெயர் டெலிபோன் கார்ட்ஸ்! இன்று நாம் இணைத்து அனுப்பும் கல்யாணப் பத்திரிகைக்கும் சம்பளச் சீட்டுக்கும் முன்னோடி, நாலு பேர் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு. இதைக் கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அவர்கள் செய்த வேலையின் கணக்கு எளிது. கோப்பிலிருந்து 3 பைட் எடு. அதை 4 எழுத்தாக மாற்று. 76 எழுத்து ஆனதும் வரியை முடி. வரி முடிவுக்கு 2 பைட். இப்படியே கடைசிவரை. 3 என்பது 4 ஆகிறது, வரி முடிவுகளும் சேர்கின்றன, ஆக மொத்தம் கோப்பு 37 சதவீதம் வளர்கிறது. 20 எம்பி வரைபடம் தெருவில் இறங்கும்போது 27 எம்பியைத் தாண்டிவிடுகிறது. கோப்பின் அளவைப் பார்த்துக் கடிதத்தின் எல்லையை வைப்பவர்கள் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் இது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை ஒரு கடிதத்துக்கு 1,02,40,000 பைட். பார்க்க 10 எம்பி மாதிரி இருக்கும்; அதில் ஏற்றக்கூடிய கோப்பு ஏறக்குறைய 7.4 எம்பிதான்.

"ஒரு வேடிக்கை காட்டட்டுமா?" என்று அட்மின் ஜிமெயில் சர்வரோடு நேரடியாகப் பேச ஆரம்பித்தார். இரண்டு மெயில் சர்வர்கள் சந்தித்தால் முதலில் வணக்கம் சொல்லிக்கொள்ளும். அந்த வணக்கத்துக்குப் பதிலாகவே எதிராளி, தான் தாங்கக்கூடிய எடையைச் சொல்லிவிடும். கடிதத்தை முழுக்க அனுப்பிவிட்டு 'பெரிதாக இருக்கிறது' என்று திட்டு வாங்க வேண்டியதில்லை, வாசலிலேயே தெரிந்துவிடும். ஜிமெயிலின் அனுப்பும் சர்வர் சொன்ன எண் 3,58,82,577.

இவ்வளவு ஒழுங்கில்லாத எண் எங்கிருந்து வந்தது? காகிதமும் பேனாவும் எடுத்தேன். ஜிமெயில் நமக்குச் சொல்லும் எல்லை 25 எம்பி, அதாவது 2,62,14,400 பைட். மூன்றை நான்காக்கினேன். 76 எழுத்துக்கு ஒரு வரி முடிவு சேர்த்தேன். 3,58,72,340 வந்தது. ஜிமெயில் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ 10 கேபி! அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று கடிதத்தின் தலையில் வரும் வரிகளுக்கு விட்ட இடம் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒரு பொறியாளர் 1992ஆம் வருஷக் கணக்கை மனதில் வைத்து, கடைசி வரிவரை கூட்டி, தலைப்புக்கும் இடம் விட்டு இந்த எண்ணை எழுதியிருக்கிறார். கணக்கு பொருந்தியபோது எங்கள் இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அட்மின் அதே எண்ணைப் போஸ்ட்ஃபிக்ஸிலும் போட்டார். வேறு எண் போட மனசு வருமா?

பெரிய எண் போடும்போது ஒரு கண்ணியைத் தாண்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பெட்டிக் கோப்புக்கும் தனி எல்லை உண்டு: 5,12,00,000 பைட். கடிதத்தின் எல்லையை அதற்கு மேலே தூக்கிவிட்டால் 'பெட்டியைவிடக் கடிதம் பெரிதா?' என்று போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளூர் விநியோகம் வேலைநிறுத்தமே செய்துவிடும். ரெண்டு வரிக் கடிதம்கூட இறங்காது. நம் எண் அதற்குக் கீழே இருந்ததால் தப்பித்தோம்.

போஸ்ட்ஃபிக்ஸைப் பற்றி மனசார ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எழுதியவர் வீட்சே வெனெமா, நெதர்லாந்துக்காரர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐபிஎம்மின் வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியிட்டார். கடிதம் எவ்வளவு பெரிதானாலும் ரேம் பெரிதாகத் தேவைப்படக் கூடாது என்பது அவர் ஆரம்பத்திலேயே போட்ட விதி. வருவதைத் துண்டு துண்டாக வாங்கி உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. 27 எம்பி கடிதம் உள்ளே வந்தபோது போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்த ரேமைப் பார்த்தேன், அசையவே இல்லை! டிஸ்க்கில் மட்டும் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும். கடித எல்லையைப் போல ஒன்றரை மடங்கு காலி இடம் இல்லாவிட்டால் 'அப்புறம் வா' என்று மரியாதையாகச் சொல்லிவிடும்.

வரிசையில் காத்திருந்த கடிதத்தை அட்மின் திறந்து காட்டினார். வரி வரியாகப் பொருளில்லாத எழுத்துகள், திரையின் கீழ்வரை. முதல் வரியின் தொடக்கம் மட்டும் 'ஜே வி பி ஈ ஆர் ஐ பூஜ்யம்'. "இத எங்க பாத்தாலும் பிடிஎஃப்னு சொல்லிடலாம்" என்றார். பிடிஎஃப் கோப்புகளின் முதல் சில எழுத்துகள் எப்போதும் ஒன்றே என்பதால் அவை மாறிவரும் வடிவமும் எப்போதும் ஒன்றே. இவ்வளவு நாளும் நம் கடிதங்களுக்குள் இந்தச் சொல் ஒளிந்திருந்திருக்கிறது!

போஸ்ட்ஃபிக்ஸ் இவ்வளவு சிக்கனம் என்றால் ரேம் எங்கே போகிறது? அட்மின் ஒரு பழைய லாகைத் திறந்தார். முன்பு ஒரு முறை எல்லா எல்லைகளையும் உயர்த்திவிட்டு, ரேம் கணக்கைப் பார்க்காமல் விட்ட நாளின் பதிவு அது. த்ரில்லர் படம் போல இருந்தது.

க்ளாம்ஏவி தெரிந்த வைரஸ்களின் அடையாளங்கள் அத்தனையையும் ரேமில் ஏற்றிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். அதற்கே 1 ஜிபிக்கு மேல் ஆகும். புதிய அடையாளப் பட்டியல் வரும்போது பழையதைக் கையில் வைத்தபடியே புதியதை ஏற்றும், சோதனை நிற்கக் கூடாது என்பதற்காக. அந்தச் சில நொடிகளுக்கு ரேம் இரட்டிப்பாகும். சரியாக அந்த நேரத்தில் இரண்டு பேர் வரைபடம் ஏற்றுகிறார்கள். பிஎச்பி வேலையாட்கள் ஐந்து பேர். ஆளுக்கு 512 எம்பிவரை எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுமதி கொடுத்துவைத்திருக்கிறார்கள். ஐந்தை 512ஆல் பெருக்குங்கள்: 2.5 ஜிபி. சர்வரில் மொத்தமே 4. ரேம் தீர்கிறது.

ரேம் தீர்ந்தால் லினக்ஸின் கெர்னல் ஒரு முடிவெடுக்கும். ஓடிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் தின்பவரைப் பார்த்துக் கொன்றுவிடும். ஊம் கில்லர் என்பார்கள். அன்றைக்கு அகப்பட்டது க்ளாம்ஏவி.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. வைரஸ் பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும் அமாவிஸ் தன் மாற்று ஏற்பாட்டைக் கூப்பிடுகிறது. அந்த மாற்று ஆள், கடிதத்துக்குக் கடிதம் புதிதாக எழுந்து, அடையாளப் பட்டியல் முழுவதையும் மறுபடி ஏற்றி, ஒரே ஒரு கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும் ரகம். அமாவிஸில் இரண்டு வேலையாட்கள். இருவரும் ஆளுக்கொரு மாற்று ஆளை எழுப்புகிறார்கள். 1 ஜிபிக்காக ஒருவரைக் கொன்ற இடத்தில் இப்போது 2 ஜிபி கேட்டு இரண்டு பேர்! கெர்னல் மறுபடி கத்தியை எடுக்கிறது. லாகில் இதைப் படிக்கும்போது நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

"கடிதம் எல்லாம் போச்சா?" என்றேன்.

"ஒண்ணுகூடப் போகல சார். போஸ்ட்ஃபிக்ஸ் டிஸ்க்ல பத்திரமா வச்சிருந்துச்சு."

அமாவிஸ் சரியென்று சொல்லும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் தன் பிரதியை விடாது. இயல்பாக 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். வீட்சே வெனெமாவுக்கு இன்னொரு முறை கைதட்டினேன்.

இப்போது அந்தக் 'கடைசி'க்கு வந்தோம். பெரிய கடிதங்களுக்கு இடம் பண்ண அட்மின் செய்தது, ஆட்களைக் குறைத்தது! எனக்குத் தலைகீழாகப் பட்டது. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்தால் புரிகிறது: சமையற்கட்டு தாங்கும் அளவுக்கு இலை போட்டால் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு எழுவார்கள், அடுத்த பந்திக்காரர்கள் வெளியே காத்திருப்பார்கள். இடம் இருக்கிறதே என்று எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் சாம்பார் பாதி இலையோடு தீரும். பிஎச்பி வேலையாட்களை ஐந்திலிருந்து நாலாக்கினார். ஆளுக்கு 256 எம்பி. மிஞ்சிப்போனால் 1 ஜிபி. அமாவிஸுக்கு இரண்டு பேரே போதும் என்று விட்டார். போஸ்ட்ஃபிக்ஸ் அமாவிஸிடம் ஒரே நேரத்தில் எத்தனை கடிதம் நீட்டலாம் என்பதையும் இரண்டாக்கினார். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்; கூடிப்போனால் வாங்க ஆளில்லாமல் போஸ்ட்ஃபிக்ஸ் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும்.

அடுத்தது க்ளாம்ஏவி. பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்த ஒரு வரி இருக்கிறது. இனி புதிய பட்டியல் வரும்போது சோதனை சற்று நிற்கும், கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும், ரேம் இரட்டிப்பாகாது. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் பெரிய சர்வரில் இதைச் செய்ய யோசிக்க வேண்டும். 4 ஜிபி சர்வருக்கு இதுதான் சரி. கடைசியாக, கடிதத்தைப் பிரித்துப்போட அமாவிஸ் பயன்படுத்தும் தற்காலிக அறை. வேகத்துக்காக அதை ரேமிலேயே வைக்கும் பழக்கம் உண்டு. பெரிய இணைப்புகள் வரும் இடத்தில் அது ரேமைத் தின்றுவிடும். அதை டிஸ்க்குக்கு மாற்றினார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வயிற்றுக்குக் கேட்டாலும் 3 ஜிபியைச் சுற்றித்தான் வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. க்ளாம்ஏவிக்கும் ஒரு கோப்பு எல்லை உண்டு. பழைய பதிப்புகளில் 25 எம்பி. 2022இல் வந்த பதிப்பிலிருந்து 100 எம்பி. அதைவிடப் பெரிய கோப்பைப் பார்க்காமலே 'சுத்தம்' என்று சொல்லிவிடும், வேறு மாதிரி சொல்லிவைக்காவிட்டால். கடித எல்லையை உயர்த்துபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பெரிய கோப்புகள் சோதனையே இல்லாமல் உள்ளே போகும். அதற்காக இதை எல்லையில்லாமல் திறந்துவிடவும் முடியாது. 42 கேபி மட்டுமே உள்ள ஒரு பேர்போன ஜிப் கோப்பு, முழுக்க விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். சர்வர்களைத் திணறடிக்கவே செய்தது!

மீதி இருந்தது டவ்காட். பின்லாந்தின் டிமோ சிராய்னென் எழுதி 2002இல் முதலில் வெளியிட்டது. தன் வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரேம் எல்லை வைத்திருக்கும்; இந்தச் சர்வரில் அது 256 எம்பி. பெரிய பெட்டியைத் திறக்கும்போது அது போதாமல் போனால் பிழை எண் 83 வரும், கூடவே எந்த எல்லையை உயர்த்த வேண்டியிருக்கும் என்பதையும் டவ்காட்டே எழுதிவிடும்! லாகில் அந்த வரியைப் பார்த்ததும் எழுதியவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிழையோடு மருந்தையும் சேர்த்து எழுதுகிற மனிதர்கள் இன்னும் நிறைய வேண்டும். 512 எம்பி ஆக்கினார் அட்மின். "பயப்பட வேண்டாம், இது முகவரிக் கணக்குதான். அவ்ளோ ரேமையும் நெஜமா எடுத்துக்காது" என்றார்.

சோதனை நேரம். 20 எம்பி வரைபடம். இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன, ஒன்றில் லாக், ஒன்றில் ரேம். அனுப்பு! கோப்பு ஏறியது. ஊதியது. போஸ்ட்ஃபிக்ஸ் அசையாமல் வாங்கியது. அமாவிஸ் பிரித்தது. க்ளாம்ஏவி சுத்தம் என்றது. ஜிமெயில் வாங்கிக்கொண்டு 250 என்றது. எஸ்எம்டிபி பாஷையில் 'சரி' என்பதற்கு அதுதான் எண். நான் கையைத் தட்டப்போனேன். அட்மின் நிறுத்தினார். அதே 27 எம்பி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது! அனுப்பிய கடிதத்தின் பிரதியை 'அனுப்பியவை' பெட்டியில் வைக்க ரவுண்ட்கியூப் அதை டவ்காட்டுக்கு இன்னொரு முறை முழுதாக அனுப்பும். அதுவும் போய்ச் சேர்ந்தது. ரேமில் 900 எம்பிக்கு மேல் மிச்சம். இப்போது தட்டினேன்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் அலுவலகச் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கடிதத்தின் எல்லை எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் எண்ணில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தாண்டாத கோப்பை இணையுங்கள்; உங்கள் சர்வரின் எல்லைக்குள் அடங்கிவிடும். பெறுபவர் பக்கத்துச் சர்வருக்கும் ஓர் எல்லை உண்டு, அது நம் கையில் இல்லை. ஆகவே 25 எம்பியைத் தாண்டும் கோப்பு என்றால் டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்புங்கள்.